வாசல் ரணகள்ளி

விஜயா அத்தை: ஞாயிற்றுக்கிழமை யாழினிக்குக் காதுகுத்து. வாசல் ரணகள்ளி முழுக்க நோய். இலை வெளுத்து, உள்ளே புழு, கறுப்பாக அழுக்கு. பிரபு, வரும்போது பூச்சிமருந்து வாங்கி வா.

பிரபு: சரிம்மா

முருகேசன் சித்தப்பா: அம்மா வைத்த செடி அக்கா அது

விஜயா அத்தை: வைத்தது அம்மா. பதினோரு வருடமாகத் தண்ணீர் ஊற்றுவது யார்?

சாந்தி பெரியம்மா: பந்தல்காரர் எத்தனை நாற்காலி என்று கேட்கிறார்

கவிதா: அத்தை, மருந்து வேண்டாம். அது நோய் இல்லை, ரெட் பியர்ரட் என்று ஒரு சின்னப் பட்டாம்பூச்சி, சிறகை விரித்தாலே மூன்று, மூன்றரை சென்டிமீட்டர்தான். தாய் ஒவ்வொரு முட்டையாக இலையில் வைத்துவிட்டுப் போகும், பொரிந்து வரும் புழு இலையைத் துளைத்து உள்ளே இறங்கி, மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் இருக்கிற சதையைத் தின்றுகொண்டே போகும், அதனால்தான் இலை கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிடுகிறது. கறுப்பாகத் தெரிவது அதன் எச்சம். ஒரு இலை காலியானால் அடுத்த இலை.

முருகேசன் சித்தப்பா: போன மாதம் கல்லடைப்புக்கு நாலு இலை மென்றேனே!

விஜயா அத்தை: டாக்டர் தண்ணீர் குடிக்கத்தான் சொன்னார்

கவிதா: சித்தப்பா, நன்றாக இருந்த இலையைத்தானே பறித்திருப்பீர்கள். ஆனால் மருந்து அடித்த பிறகு வந்து பறித்தால்? அதை யோசியுங்கள்.

பிரபு: கடையில் நிற்கிறேன். வாங்கவா வேண்டாமா

முருகேசன் சித்தப்பா: பியர்ரட் என்றால் கிளியா?

கவிதா: இல்லை, பிரெஞ்சு நாடகங்களில் வெள்ளை உடுப்பில் வரும் கோமாளி. இதுவும் சிறகை மூடினால் வெள்ளை, அதில் கறுப்புப் புள்ளிகள், பின்சிறகில் செம்மஞ்சளாகப் பெரிய திட்டு, நூல் மாதிரி ஒரு வால். விரித்தால் மேல்பக்கம் கறுப்பு, பின்சிறகில் மட்டும் அந்தச் செம்மஞ்சள். தாழ்வாக, மெதுவாகத்தான் பறக்கும், யாழினிகூடப் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். செடி மடகாஸ்கரிலிருந்து வந்தது, பூச்சி நம் ஊருடையது.

சாந்தி பெரியம்மா: வந்தவளிடம்தான் எல்லோரும் சாப்பிடுவார்கள். நாற்காலி?

விஜயா அத்தை: தொட்டி விளிம்பில் வெளிர்மஞ்சளாக, கறுப்புப் புள்ளியும் முடியுமாக ஒன்று ஒட்டியிருக்கிறது. அதுவா?

கவிதா: அதேதான், கூட்டுப்புழு! தொடாதீர்கள் அத்தை. ஒரு வாரம் போல ஆகும், பட்டாம்பூச்சியாக வெளியே வந்துவிடும். செடியும் போகாது, இலை விளிம்பிலேயே குட்டி விடுகிற செடிதானே. பாட்டி ஒற்றை இலையை மண்ணில் வைத்து வந்ததுதான் இத்தனை தொட்டியும்.

முருகேசன் சித்தப்பா: அதில் ஒரு தொட்டி எனக்கு என்று அம்மா சொன்னது

விஜயா அத்தை: அதை ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டாம்

பிரபு: அம்மா, கடை மூடுகிறார்கள்

விஜயா அத்தை: இப்போது வேண்டாம், வா. சம்பந்தி வீட்டார் கண்ணில் படாமல் தொட்டிகளைக் கிணற்றடிக்கு நகர்த்தலாம். அந்தக் கூடு இருக்கும் தொட்டி மட்டும் அங்கேயே இருக்கட்டும். காதுகுத்து முடிந்த பிறகு மருந்தைப் பார்க்கலாம்.

கவிதா: பிறகும் வேண்டாம் அத்தை

சாந்தி பெரியம்மா: நூறு நாற்காலி சொல்லிவிட்டேன்

பிரபு: நூறா?