அலமாரியின் உட்பலகையும் ஏற்றி இறக்கும் தட்டுகளும்

எங்கள் வீட்டுக்குத் தேக்கில் புத்தக அலமாரி செய்தபோது, சட்டத்துக்குள் அமரும் உட்பலகைகளைப் பொருத்திய ஆசாரி, அவற்றைச் செருகச் சட்டத்தில் எடுக்கும் பள்ளமான காடிக்குள் ஒரு சொட்டுப் பசையும் விடக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். மரப்பலகை ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. ஆகவே காடியைப் பக்கத்துக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் கூடுதல் ஆழமாக எடுத்து, பலகையை வெறுமனே செருகி, சட்டத்தின் மூலைகளில் முளையும் துளையும் சேரும் இடத்தில் மட்டும் பசை இட்டார். செருகுவதற்கு முன்பே பலகையின் விளிம்புவரை பாலிஷ் போட்டுவிட்டார்; இல்லையென்றால் பலகை சுருங்கும்போது பாலிஷ் படாத வெளிறிய கோடு எட்டிப்பார்க்கும். பிளைவுட் இப்படி உப்பிச் சுருங்குவதில்லை என்பதால் அதைக் காடியில் ஒட்டியே விடலாம்.

தட்டுகளைத் தாங்க, பக்கப்பலகைத் துளைகளில் செருகி எடுக்கும் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆணிகளைத் தேர்ந்தோம். துளைகளுக்கு இடையே 32 மில்லிமீட்டர் விடுவது தொழிற்சாலை வழக்கம். ஒரு பிளைவுட் துண்டில் துளைகளை இட்டு, அதன் ஒரு முனையில் 'கீழ்' என்று எழுதி, அந்த முனையை அலமாரியின் அடிப்பலகையில் ஊன்றியே நான்கு வரிசைகளையும் துளைத்ததால், எந்தத் தட்டும் ஆடவில்லை. டிரில் பிட்டில் சுற்றிய டேப், துளை மறுபக்கம் வந்துவிடாமல் காத்தது. அடி முதல் முடி வரை துளையிடுவது என் கண்ணுக்கு அழகாகப் படவில்லை. தட்டு வரக்கூடிய இடங்களில் நாலைந்து துளைகள் போதும்.

இன்னொன்று: புத்தகம் நிறைந்த தட்டின் நீளம் இரட்டிப்பானால், தொய்வு ஏறத்தாழ 16 மடங்காகும். நீளத்தைக் குறைக்க இயலாதவர்கள் தட்டின் முன்விளிம்பில், தட்டின் தடிமனைவிட உயரமான மரச்சட்டம் ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம்.

*

மேலே எழுதிய ஐயாவுக்கு வணக்கம். எங்கள் தாத்தா வீட்டுப் பழைய அலமாரியில் துளையும் இல்லை, ஆணியும் இல்லை. உள்மூலைகள் நான்கிலும் ரம்பம்போலப் பல் வெட்டிய ரீப்பர்கள், அதாவது ஒடுக்கமான மரச்சட்டங்கள், நிற்கின்றன. பக்கத்துக்கு ஒரு குறுக்குக் கட்டை அந்தப் பற்களில் அமர, தட்டு அதன்மேல் கிடக்கிறது. அதைப் பார்த்து நானும் ஒன்று செய்தேன். நான்கு ரீப்பர்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி ஒரே வெட்டில் பல் எடுத்தால் மட்டம் தானாகவே அமைந்துவிடுகிறது. தட்டின் மூலைகளை ரீப்பர் அளவுக்கு வெட்டுவதுதான் கூடுதல் வேலை. ஆனால் அந்த வெட்டு ரீப்பரில் மாட்டிக்கொள்வதால், புத்தகத்தை வேகமாக உருவினாலும் தட்டு முன்னால் நகர்ந்து வருவதில்லை.