புதுப்பிப்பு: 1907 மாதிரி பயோனெட்டில் இருந்த பாதி அழிந்த முத்திரை

லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் முனையில் பொருத்தும் கத்தியான என் 1907 மாதிரி பிரிட்டிஷ் பயோனெட்டில், தயாரிப்பாளர் பெயரின் இடத்தில் ஈ, ஆர், எஸ் ஆகிய மூன்று எழுத்துகள் மட்டுமே தெரிகின்றன என்றும், அது சாண்டர்சனா விக்கர்ஸா என்றும் முன்பு கேட்டிருந்தேன். இரண்டு பெயர்களிலும் அதே மூன்று எழுத்துகள் அதே வரிசையில் வருவதால், பதில்களும் இரண்டாகப் பிரிந்தன.

மெல்லிய துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு (கம்பித் தூரிகையும் அமிலமும் வேண்டாம் என்று எச்சரித்தவர்களுக்கு நன்றி), பிடியை ஒட்டிய தட்டையான பகுதியின்மீது விளக்கொளியைப் பக்கவாட்டில் சாய்த்து விழச்செய்து உருப்பெருக்கியால் பார்த்தபோது, எஸ் எழுத்துக்குப் பின்னால் உலோகம் எந்தத் தடமும் இன்றி இருந்தது. சாண்டர்சன் என்றால் அங்கே இன்னும் இரண்டு எழுத்துகள் இருந்திருக்க வேண்டும். ஈ எழுத்துக்கு முன்னால் டி எழுத்தின் வளைவு இல்லை. கே எழுத்தின் சாய்ந்த கால் மங்கலாகத் தெரிகிறது. ஆகவே இது விக்கர்ஸ்தான். வில்கின்சன், சாண்டர்சன் முத்திரைகளோடு ஒப்பிட்டால் இது அரிதாகவே கிடைப்பது.

மற்ற அடையாளங்களும் பொருந்துகின்றன. ஆண்டு 17 என்று பதிந்துள்ளது. 1913-இல் கைவிடப்பட்ட கொக்கி வடிவக் காப்பு இதில் இல்லை. 1916-இல் சேர்க்கப்பட்ட துளை கைப்பிடியின் முனையில் இருக்கிறது. மறுபுறத்தில் அரசு உடைமையைக் குறிக்கும் அகன்ற அம்பும், அலகை வளைத்துச் சோதித்ததற்கான பெருக்கல் குறியும் தெளிவாக உள்ளன. உறையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: அதன் தோல் பிற்காலத்தில் மாற்றப்பட்டது போலத் தெரிகிறது, எனவே அதைச் சான்றாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்துகளை மீண்டும் ஆழப்படுத்தலாம் என்ற யோசனையை ஏற்கப்போவதில்லை.