மறு: ‘வைஃபை காலிங்’ தமிழில்: ‘வழி’ என்ற சொல் இல்லாமல் முடியாது

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நாம் தமிழாக்கும் கைப்பேசி அமைப்புப் (செட்டிங்ஸ்) பட்டியலில் மற்ற வரிகளெல்லாம் முடிந்துவிட்டன. ‘வைஃபை காலிங்’ என்ற இந்த ஒரு வரி மட்டும், அதாவது கைப்பேசிக் கோபுரத்துக்குப் பதிலாக வைஃபை வழியாக நம் எண்ணிலிருந்தே பேசும் வசதியின் பெயர் மட்டும், மூன்று நாள்களாக நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: வைஃபை அழைப்பு, அருகலை அழைப்பு (அருகலை என்பது வைஃபைக்கு வழங்கும் தமிழ்ச்சொல்), இணைய அழைப்பு, கம்பியில்லாத் துல்லிய அழைப்பு.

கடைசியில் உள்ளதை முதலில் விலக்கிவிடலாம். ‘வைஃபை’ எதற்கும் சுருக்கம் அன்று. 1999இல் இன்டர்பிராண்ட் என்ற பெயர்சூட்டும் நிறுவனம் உருவாக்கித் தந்த வணிகப் பெயர் அது. ‘ஃபை’ என்றால் துல்லியம் என்பது பின்னால் ஒட்டவைத்த விளக்கம். இல்லாத பொருளை நாம் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

‘இணைய அழைப்பு’ என்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். அதற்கு எங்கள் வீட்டில் நடந்ததே காரணம்.

தை மாதம் எங்கள் வீட்டில் திருமணம். நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா இருபது நாள் முன்னதாகவே மதுரைக்கு வந்துவிட்டார். கைப்பேசியில் அமெரிக்க சிம். “வைஃபை காலிங் போட்டிருக்கிறேன், ரோமிங் கட்டணம் வராது” என்றார். அப்பா, “இணையத்தில் போகிற அழைப்புதானே, வாட்ஸ்அப் மாதிரி. தாராளமாகப் பேசு” என்று சொல்லிவிட்டார். பந்தல்காரர், சமையல்காரர், நாதசுரக்காரர், பக்கத்துத் தெருப் பூக்கடை என்று அத்தனை பேரிடமும் அக்காதான் பேசினார். ஊருக்குத் திரும்பியதும் பில் வந்தது. மதுரை எண்களுக்குப் பேசிய ஒவ்வொரு நிமிடமும் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குப் பேசிய பன்னாட்டு அழைப்பாகப் பதிவாகியிருந்தது. நியூ ஜெர்சியில் இருந்த அத்தானிடம் நாள்தோறும் அரை மணி நேரம் பேசியதற்கு ஒரு காசுகூட இல்லை.

சிம் கொடுத்த நிறுவனத்தின் விதி அதுதான், யாரும் ஏமாற்றவில்லை. எங்களை ஏமாற்றியது அந்தப் பெயர். பூக்கடை எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். ஆனால் அக்காவின் குரல் மதுரையிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், அங்கிருந்து பன்னாட்டு அழைப்பாகத் திரும்பி வந்துதான் அந்தக் கடைக்காரரின் காதில் விழுந்திருக்கிறது.

ஏன் அப்படி? வைஃபை கிடைத்ததும் கைப்பேசி தன் சிம்மில் உள்ள நாட்டுக் குறியீட்டையும் நிறுவனக் குறியீட்டையும் பார்க்கிறது. இந்திய சிம்களில் நாட்டுக் குறியீடு (எண்ணுக்கு முன் போடும் 91 அன்று, இது வேறு) 404 அல்லது 405 என்றும், அமெரிக்க சிம்களில் 310, 311 போன்றும் இருக்கும். அந்த எண்களைக் கொண்டு தன் நிறுவனத்தின் நுழைவாயில் இணையத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடிக்கிறது. சிம்மில் உள்ள இரகசியச் சாவியைக் கொண்டு தான் யார் என்று மெய்ப்பிக்கிறது. பிறகு அந்த வாயில்வரை, நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி மறையாக்கிய ஒரு தனிப்பாதையை அமைத்துக்கொள்கிறது. நிறுவனத்தைப் பொறுத்தவரை அந்தக் கைப்பேசி மதுரையில் இல்லை. ஊரை விட்டே கிளம்பவில்லை.

வாட்ஸ்அப்பில் நடப்பது வேறு. அங்கே சிம் கொடுத்த நிறுவனத்துக்கு வேலையும் இல்லை, தொலைபேசி எண்ணுக்கான கட்டணமும் இல்லை. ஆகவே அதைச் ‘செயலி அழைப்பு’ என்று தனியே வைத்துவிடுவோம். ‘இணைய அழைப்பு’ என்ற பெயர் இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது.

இனி என் பரிந்துரை: அருகலைவழி அழைப்பு.

‘வழி’ என்ற இரண்டு எழுத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வான்வழிப் பயணம் என்றால் வானம் நமக்கு டிக்கெட் கொடுக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கடல்வழி வணிகம் என்றால் வாங்குபவரும் விற்பவரும் கரைகளில் இருக்கிறார்கள். நம் மொழியில் ‘வழி’ சேர்ந்தாலே, இது கடந்துபோகும் இடம், புறப்பட்ட இடமும் சேரும் இடமும் வேறு என்ற உணர்வு வந்துவிடுகிறது. ‘அருகலை அழைப்பு’ என்று நிறுத்தினால் அழைப்பே அருகலைக்குச் சொந்தம்போல் ஆகிவிடும். என் அப்பாவைப் போன்றவர்கள் ‘வழி’ என்பதைப் படித்தால், “எதன் வழியாக, எங்கே போகிறது?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை எழுப்பினால் கலைச்சொல் தன் வேலையைச் செய்துவிட்டது என்பேன்.

அருகலையா வைஃபையா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பட்டியலில் ஏற்கெனவே அருகலை என்று எழுதியிருப்பதால் அதையே தொடர்ந்தேன். ‘வைஃபைவழி’ என்றாலும் பொருள் கெடாது. ‘வழி’ போனால்தான் கெடும்.

கூடவே இன்னும் மூன்று சொற்கள் வேண்டும். மறையாக்கிய பாதையைச் ‘சுரங்கம்’ என்கிறோம். சுரங்கம் என்றதும் நிலக்கரியும் நெய்வேலியும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘சுருங்கை’ என்ற பழைய சொல் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரை நகருக்குள் நுழைவது சுருங்கை வீதி வழியாகத்தான். கோட்டைக்குள் கொண்டுசேர்க்கும் மறைவான வழி என்ற பொருள் இதற்கு அப்படியே பொருந்துகிறது.

மற்ற இரண்டும், சிம் கொடுத்த நிறுவனத்தின் கட்டமைப்புக்கும், ரோமிங்கில் நாம் ஒட்டிக்கொள்ளும் வெளி நிறுவனத்தின் கட்டமைப்புக்கும். முதலாவதை ‘வீட்டு வலை’ என்றால் வீட்டில் இருக்கும் பிராட்பேண்ட் என்று நினைப்பார்கள், குழப்பம் இரட்டிப்பாகும். நெட்வொர்க்குக்குச் சிலர் சொல்லும் ‘பிணையம்’, ஜாமீனை நினைவூட்டி நீதிமன்ற வாசனை அடிக்கிறது. தாய்வீடு, தாய்நாடு வரிசையில் ‘தாய்வலை’ என்றும், மற்றதை ‘அயல்வலை’ என்றும் சொல்லலாமா? ‘விருந்து வலை’ என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் இடத்தை விருந்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
மதுரையிலிருந்து

———

ஐயா, வணக்கம்.

தொலைத்தொடர்பில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ‘வழி’ எனக்கு முழுச் சம்மதம். இந்தியாவில் 2019 டிசம்பரில் ஏர்டெலும், 2020 ஜனவரியில் ஜியோவும் இந்த வசதியைத் தொடங்கியபோது, வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காதவர்களுக்கான மருந்தாகத்தான் அதைச் சொன்னோம். வெளிநாட்டுப் பயணம் யார் நினைவிலும் முதலில் இல்லை. அதனால் அன்று பெயர் உறுத்தவில்லை.

‘சுருங்கை’ வேண்டாம் என்பது என் கருத்து. சொல்லில் குறையில்லை, ஆனால் அமைப்புப் பட்டியலைப் படிப்பவருக்கு அந்தப் பாதையைப் பற்றியே தெரிய வேண்டியதில்லை. பொறியாளர் கையேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில விடுதிகளின் வைஃபையில் இணையதளமெல்லாம் திறக்கும், ஆனால் இந்த அழைப்பு மட்டும் வராது. அந்தப் பாதை அமைய வேண்டிய வாசல்களான யூடிபி 500, 4500 ஆகிய போர்ட்டுகளை அடைத்துவைத்திருப்பார்கள். ‘சுருங்கை அடைபட்டிருக்கிறது’ என்று அங்கே எழுதினால் பொறியாளர்களுக்கு நன்றாகவே விளங்கும்.

தாய்வலை, அயல்வலை இரண்டும் கட்டாயம் வேண்டும். வைஃபை பலவீனமானால் கைப்பேசி தானாகவே வெளி நிறுவனத்தின் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங் கட்டணம் அங்கேதான் தொடங்குகிறது. அதைத் தடுக்க வேண்டுமானால் விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு, வைஃபையை மட்டும் திரும்ப இயக்க வேண்டும். இதை விளக்கக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் மடலில் விட்டுப்போனது ஒன்று. அமெரிக்க நிறுவனங்கள் இந்த வசதியை இயக்கும் முன் ஒரு முகவரி கேட்கும். அங்கே அவசர உதவி எண்ணான 911க்கு அழைத்தால் எங்கே ஆள் அனுப்புவது என்று தெரிய வேண்டும் அல்லவா? உங்கள் அக்கா கொடுத்திருப்பது நியூ ஜெர்சி முகவரியாகத்தான் இருக்கும். மதுரையில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் அந்த முகவரியால் என்ன பயன்? உள்ளூர் சிம்மிலிருந்து 112 அல்லது 108ஐ அழைப்பதுதான் சரி. சொல்லின் அழகைவிட இந்த எச்சரிக்கை எனக்கு முக்கியம்.

கோவையிலிருந்து

———

ஐயா, மிக்க நன்றி. முகவரி விஷயத்தை அக்காவிடம் கேட்டேன். நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. மணமேடையில் அத்தனை பெரியவர்கள் உட்கார்ந்திருந்த வீட்டில் இதை யாரும் யோசிக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

சுருங்கையைக் கையேட்டுக்கு மாற்றிவிட்டேன். பட்டியலுக்கு இன்றிரவு அனுப்பப்போகும் வரிகள் இவை. எதிர்ப்பு இருந்தால் எட்டு மணிக்குள் எழுதுங்கள்.

அருகலைவழி அழைப்பு
உங்கள் எண்ணிலிருந்தே, அருகலை வழியாக உங்கள் தாய்வலைக்குச் சென்று பேசலாம். வெளிநாட்டில் இருந்தாலும், சிம் வாங்கிய நாட்டிலிருந்து அழைப்பதாகவே பெரும்பாலும் கணக்கிடப்படும். புறப்படும் முன் உங்கள் நிறுவனத்தின் கட்டணத்தைக் கேட்டறியவும்.

அயல்வலையைத் தவிர்
விமானப் பயன்முறையை இயக்கியபின் அருகலையை மட்டும் இயக்கவும்.

அவசர உதவி
வெளிநாட்டில் இந்த அழைப்பை நம்ப வேண்டாம். உள்ளூர் எண்ணிலிருந்து அழைக்கவும்.