கரண்டைப் பிடுங்கிட்டு காலி பண்ணச் சொல்றார், என்ன செய்யலாம்?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, அவசரமா ஒரு உதவி.

பாளையங்கோட்டையில் ஆறு வருஷமா வாடகைக்கு இருக்கோம். ஒரு மாச வாடகைகூட பாக்கி இல்லை. மகனுக்குக் கல்யாணம், பத்து நாளில் காலி பண்ணுங்கன்னார் வீட்டுக்காரர். பரீட்சை முடியட்டும்னு கேட்டோம். முந்தாநாள் சாயங்காலம் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிட்டுப் போயிட்டார். மோட்டார் ரூமுக்கும் பூட்டு. பத்தாவது படிக்கிற மகள் மெழுகுவத்தி வெளிச்சத்துல கணக்கு போடுறா. எதிர்வீட்டு அக்கா தர்ற ரெண்டு குடம் தண்ணியிலதான் சமையல். அத்தை ராத்திரி பூரா பனையோலை விசிறியோட உக்காந்திருக்காங்க, பார்க்கவே மனசு தாங்கலை.

2017-ஆம் வருஷ வாடகைச் சட்டப்படி கரண்டு, தண்ணியை நிறுத்தக் கூடாது. வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாம வெளியேத்தவும் முடியாது. எங்க சிக்கல், கையில் இருக்கிறது பழைய பதினொரு மாசப் பத்திரம், பதிவு பண்ணலை. ஜிபேயில் வாடகை அனுப்பின விவரம் மட்டும் முழுசா இருக்கு. இதை வச்சு மனு போட்டவங்க இருக்கீங்களா? முதல்ல போலீஸ் ஸ்டேஷனா, வாடகை அதிகாரியா?

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவச வக்கீல் உண்டு, 15100-ங்கிற சட்ட உதவி போன் நம்பர்ல கேட்கலாம். நம்ம மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போன அனுபவம் இருந்தா, என்னென்ன காகிதம் கொண்டு போகணும்னு சொல்லுங்க. நாளைக்குக் காலையில கிளம்புறேன்.