பிரேக் மிதித்தால் முன் இண்டிகேட்டர் எரிகிறது: பழைய கிட் கார், மூன்று வாரத்தில் தகுதிச் சோதனை

ஃபைபர்பித்தன் (கேள்வி):

வணக்கம். ஆறு வருடம் கொட்டகையில் தூங்கிய ஒரு கிட் கார் (பாகங்களை வாங்கி ஒருவர் தானே கட்டிக்கொள்ளும் கார்) என் கைக்கு வந்திருக்கிறது. ஃபைபர் பாடி, சதுரக் குழாயில் வெல்டு வைத்த சேசிஸ். எஞ்சினும் பின் ஆக்சிலும் வேறொரு பழைய காரிலிருந்து கழற்றிப் போட்டவை. கட்டியவர் யாரென்று தெரியாது, வயரிங் படமும் கிடையாது. இன்னும் மூன்று வாரத்தில் தகுதிச் சோதனை. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. இரண்டு இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலில் விளக்கு. எந்த விளக்கும் போடாமல் பிரேக்கை மிதித்தால் இடது இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. பின்னால் இருப்பது அல்ல, முன்னால் இருப்பது! பின் வலது பார்க்கிங் விளக்கும் லேசாகச் சிவக்கிறது. பார்க்கிங் விளக்கைப் போட்டுவிட்டு மிதித்தால் பின் இடது விளக்கு அணைந்தே போகிறது. பிரேக் ஸ்விட்ச் மாற்றினேன், ஃபியூஸ்களைக் கழற்றித் துடைத்தேன், ஒரு மாற்றமும் இல்லை. எங்கோ இரண்டு வயர் உரசி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். மொத்த வயரிங்கையும் உருவிப் புதிதாகப் போட வேண்டியதுதானா?

அப்புறம் ஹேண்ட்பிரேக். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி லீவரை இழுத்தால் வலது சக்கரம் கல்லாக நிற்கிறது, இடது சக்கரம் கையால் தள்ளினாலே சுற்றுகிறது. கேபிளை முறுக்கி முறுக்கி அட்ஜஸ்டரில் மரையே தீர்ந்துவிட்டது.

புதுபல்ப்:

பழைய பல்ப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எல்இடி போடுங்கள் நண்பரே. கரண்ட் குறைவாக இழுக்கும், இந்த மாதிரிக் கோளாறெல்லாம் தானாகப் போய்விடும். என் வண்டியில் அப்படித்தான் போனது.

வயர்முடிச்சு:

போகாது, ஒளிந்துகொள்ளும். எல்இடி போட்டால் பழைய ஃபிளாஷர் ரிலே (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பாகம்) இண்டிகேட்டரைப் படபடவென்று அடிக்கவோ, அடிக்காமலே நிற்கவோ செய்யும். அது இன்னொரு தலைவலி. ஹாலஜனுக்கென்று செய்த ஹெட்லைட்டில் எல்இடி பல்பைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசும். பல ஊர்ச் சோதனைகளில் அதற்கே வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஃபைபர்பித்தன், வயரிங்கில் கை வைக்க வேண்டாம். எந்த வயரும் ஒட்டவில்லை. பின் இடது விளக்குக்கு எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) இல்லை, அவ்வளவுதான்.

தகர பாடி காரில் பல்பிலிருந்து கரண்ட் திரும்பிப் போகும் வழி பாடிதான். ஃபைபரில் கரண்ட் ஓடாது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் சேசிஸ் வரை தனி எர்த் வயர் இழுத்தாக வேண்டும். அந்த ஒரு வயர் அறுந்தாலோ துருப்பிடித்தாலோ கரண்ட் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். நீங்கள் பிரேக் மிதிக்கும்போது பிரேக் விளக்கின் 21 வாட் இழைக்குள் போன கரண்ட் எர்த்துக்குப் போக முடியாமல் பக்கத்து இண்டிகேட்டர் பல்புக்குள் பின்வழியாக நுழைகிறது. அங்கிருந்து இண்டிகேட்டர் வயரிலேயே முன்னால் ஓடி, முன் இடது பல்பின் எர்த்தில் இறங்குகிறது. அதனால்தான் முன்னால் மினுக்குகிறது. இன்னொரு பங்கு 5 வாட் பார்க்கிங் இழை வழியாக வலது பக்கம் போய் அங்கே இறங்குகிறது. பார்க்கிங் போட்டிருக்கும்போது அந்த இழையின் இரண்டு முனையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வோல்ட் வந்துவிடும். இரண்டு பக்கமும் சமமானால் எது எரியும்? அணைந்துவிடுகிறது. நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிக்கும் காரணம் ஒன்றுதான்.

அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை பின் இடது ஹோல்டரின் எர்த் தகட்டில். இப்போது யாரையாவது பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. மிதிக்காமல் அளந்தால் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். மீட்டரின் பீப் அடிக்கும் சோதனையையும் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும்) நம்பாதீர்கள். எர்த் வயரில் ஒரே ஒரு செம்புக் கம்பி மிச்சமிருந்தாலும் அது பீப் அடிக்கும், ஆனால் அந்தக் கம்பியால் 21 வாட்டைத் தாங்க முடியாது.

டிரம்தட்டி:

ஹேண்ட்பிரேக் விஷயம். கேபிளை முதலில் முறுக்கியதுதான் தப்பு. எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். கேபிள் எப்போதும் கடைசி வேலை. அதை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். பிறகு டிரம்மில் (சக்கரத்தோடு சுற்றும் உருளை) ஷூவை (உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் வளைந்த பாகம்) அட்ஜஸ்ட் செய்து, சக்கரத்தைச் சுற்றினால் லேசாக உரசும் அளவுக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் பின்வாங்குங்கள். அதற்கப்புறம்தான் கேபிள். முதலிலேயே கேபிளை இழுத்துவிட்டால் உள்ளே இருக்கும் நெம்புகோல் தன் இருப்பிடத்துக்குத் திரும்பாமல் ஷூவைப் பாதி விரித்தபடியே வைத்திருக்கும். தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகையாக இருந்தால் அதுவும் வேலை செய்யாது.

அதற்கு முன் ஒன்று பாருங்கள். ஒருவர் லீவரை இழுக்கட்டும், நீங்கள் அடியில் படுத்து இடது டிரம்மின் பின் தகட்டில் கேபிள் வந்து சேரும் இடத்தைக் கவனியுங்கள். நெம்புகோல் அசையவில்லை என்றால் கேபிள் உறைக்குள் துருப்பிடித்திருக்கும், அல்லது இரண்டு பக்கத்துக்கும் இழுப்பைப் பங்கிடும் பாகம் இறுகியிருக்கும். கிட் காரில் வேறு சேசிஸுக்கு அளவெடுத்த கேபிளை வளைத்து நெளித்துப் போட்டிருப்பார்கள், அந்த வளைவிலேயே பாதி இழுப்பு போய்விடும். நன்றாக அசைந்தும் பிடிக்கவில்லை என்றால் டிரம்மைக் கழற்றுங்கள், ஷூ நனைந்திருக்கும்.

உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஷூவில் ஒட்டிய பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்கவும் வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள். ஸ்டாண்டும் சேசிஸ் குழாயின் அடியில்தான். ஃபைபர் தரை தாங்காது, முட்டை ஓடு மாதிரி உடையும்.

ஃபைபர்பித்தன்:

அளந்தேன். வலது பக்கம் 0.09. இடது பக்கம் 5.1 வோல்ட்!

கறுப்பு வயரைத் தொட்டுக்கொண்டே போனேன். டிக்கி ஓரத்தில் ஒரு அலுமினியப் பட்டையில் போய் முடிகிறது. பட்டை ஃபைபரில் ரிவெட் அடித்தது, சேசிஸோடு அதைச் சேர்ப்பது ஒரே ஒரு இரும்பு போல்ட். போல்ட்டைக் கழற்றியதும் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. வயர் முனையின் வளையத்தில் பச்சைக் களிம்பு. வளையத்தைக் கிள்ளி இழுத்தால் வயர் கையோடு வந்துவிட்டது, உள்ளே செம்பு முழுக்கக் கறுத்திருந்தது.

புது வயர் இழுத்து நேராக சேசிஸில் சேர்த்தேன். பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ். இப்போது 0.06. முன் இண்டிகேட்டர் அமைதி. ஒரு வாரம் ஸ்விட்ச்சையும் ஃபியூஸையும் திட்டித் தீர்த்தேன், பாவம் அவை.

இடது டிரம்மும் கழற்றினேன். நெம்புகோல் அசைகிறது, ஷூ நனைந்திருக்கிறது. பிரேக் ஆயிலா, ஆக்சில் ஆயிலா என்று தெரியவில்லை.

டிரம்தட்டி:

தண்ணீரில் கழுவிப் பாருங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்து போய்விடும். கியர் ஆயில் பிசுபிசுத்துக்கொண்டு போகாது, கந்தக நாற்றமும் அடிக்கும். முதலாவது என்றால் கசிவது வீல் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஷூவைத் தள்ளும் பாகம்), அதன் ரப்பர் மூடியை ஓரத்தில் விலக்கினால் உள்ளே ஈரம் தெரியும். இரண்டாவது என்றால் ஆக்சில் சீல். எதுவானாலும் நனைந்த ஷூவைத் தேய்த்தோ நெருப்பில் காட்டியோ மறுபடி போடாதீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிது போடுங்கள், இல்லாவிட்டால் சோதனை ரோலரில் ஒரு பக்கம் இழுக்கும்.

பிரேக் ஆயிலையும் முழுக்க மாற்றிவிடுங்கள். டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155. ஆறு வருடம் நின்ற வண்டியில் எவ்வளவு ஈரம் ஏறியிருக்கும் என்று யோசியுங்கள். டாட் 5 என்று போட்டிருப்பது சிலிக்கான், அதை இதோடு கலக்கக் கூடாது. அப்புறம், பூஸ்டர் (மிதிக்கும் விசையைப் பெருக்கும் பாகம்) இல்லாத கிட் காரில் பெடல் கடினமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். மிதித்தபடி வைத்திருக்கும்போது மெல்ல இறங்கினால்தான் பயப்பட வேண்டும்.

எண்ணெய்க்கை:

இரண்டு பேரும் பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள், நான் விட்டுப்போனதைச் சொல்கிறேன். சீட் பெல்ட் போல்ட் எதில் இறங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. அது சேசிஸில் வெல்டு வைத்த நட்டில் இறங்க வேண்டும். வெறும் ஃபைபரில் வாஷர் போட்டு நிறுத்தியிருந்தால் சோதனையை விடுங்கள், முதலில் உங்கள் உயிரைப் பாருங்கள்.

சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளை) மாற்றினால், வண்டி நான்கு சக்கரத்திலும் நின்றபின்தான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதத்தில் கிழியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஓரத்தில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். சேசிஸ் எண்ணைப் பெயின்ட் மூடியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் மென்மையாக எடுங்கள், கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். எண் தேய்ந்துவிட்டால் அப்புறம் இது எந்த வண்டி என்று யாருக்கும் நிரூபிக்க முடியாது.

வயர்முடிச்சு:

பட்டைக் கதை அருமை. எர்த் பார்க்கும் கையோடு எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே தடித்த பின்னல் கம்பி இருக்கிறதா பாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது! அந்தக் கம்பி இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடாகிப் புகைந்ததை நான் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் கிளட்ச்சைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபைபர்பித்தன்:

நேற்று சோதனை. பிரேக் இரண்டு பக்கமும் சமம் (கசிந்தது வீல் சிலிண்டர்தான், தண்ணீரில் கழுவியதும் போய்விட்டது). விளக்கு, பெல்ட், டயர் எல்லாம் சரி. ஆனால் ஹாரனில் தோற்றுவிட்டேன். ஸ்டீயரிங் நேராக இருந்தால் அடிக்கிறது, திருப்பினால் ஊமை. வீட்டில் நேராக வைத்துத்தானே அடித்துப் பார்த்தேன்.

வயர்முடிச்சு:

ஸ்டீயரிங் தண்டில் ரப்பர் கப்ளிங் இருக்கிறதா?

ஃபைபர்பித்தன்:

இருக்கிறது. இரண்டு பக்கமும் இரும்பு, நடுவில் ரப்பர் வட்டு.

வயர்முடிச்சு:

ஹாரன் பொத்தானுக்கு எர்த் அந்தத் தண்டு வழியாகத்தான் வருகிறது. ரப்பர் வட்டு அதை அறுத்துவிடுகிறது. திருப்பாதபோது எங்கோ உரசி அடித்திருக்கிறது. கப்ளிங்கின் இரண்டு பக்கத்து இரும்பையும் சேர்த்து ஒரு சின்னப் பின்னல் கம்பி போடுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள், கம்பி எதிலும் மாட்டக் கூடாது.

ஃபைபர்பித்தன்:

பத்து நிமிட வேலை. இன்று காலை மறுசோதனை, பாஸ். மறுபடியும் எர்த்!

கப்ளிங்கைத் துடைக்கும்போது பார்த்தேன். இரண்டு பக்க இரும்பிலும் பழைய கம்பி திருகியிருந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. கட்டியவர் போட்டுத்தான் வைத்திருக்கிறார், நடுவில் யாரோ கழற்றிவிட்டு மறந்திருக்கிறார்கள்.