திராட்சைப் பந்தலும் மரக் கணக்கில் வருகிறது, எப்படிக் கழிப்பது?

கேள்வி
கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊராட்சியின் நிலக் கணக்குக்காக மர விதானப் பரப்பு (மேலிருந்து பார்த்தால் மரத்தலைகள் மூடியிருக்கும் நிலம்) எடுக்கிறேன். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் என்டிவிஐ (பச்சை எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் குறியீட்டெண்) போட்டு, 0.5க்கு மேல் உள்ளதையெல்லாம் மரம் என்று வைத்தால் 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஊரைப் பார்த்தவர் யாரும் நம்பமாட்டார்கள். பந்தல், வாழை, நெல் எல்லாம் மரமாகிவிட்டன. 0.7க்கு ஏற்றினால் பந்தல் அசையாமல் நிற்கிறது, ரோட்டோரப் புளியமரங்கள் காணாமல் போகின்றன. எந்த எண் சரி?

பதில் 1
எந்த எண்ணும் சரிவராது தம்பி. என்டிவிஐக்குப் பச்சை தெரியும், உயரம் தெரியாது. சென்டினல் பிக்சல் 10 மீட்டர் வேறு. ஒற்றைப் புளியமரம் தாரோடும் மண்ணோடும் கலந்துதான் விழும்.

ஒரே ஊராட்சிதானே, புள்ளி வைத்து எண்ணிவிடுங்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஊராட்சி எல்லைக்குள் ரேண்டமாக 200 புள்ளி போட்டு, கூகுள் எர்த்தில் ஒவ்வொன்றையும் பெரிதாக்கி மரமா இல்லையா என்று குறியுங்கள். மர விதானம் அளக்கும் ஐ-ட்ரீ கேனப்பி என்ற இணையக் கருவியும் இதே முறைதான். 50 புள்ளி மரத்தில் விழுந்தால் 25 சதவீதம். திட்டப்பிழை (மாதிரி எடுப்பதால் வரும் தடுமாற்றத்தின் அளவு) √(0.25 × 0.75 ÷ 200), அதாவது சுமார் 3 சதவீதம். இருபுறமும் அதில் இரண்டு மடங்கு விட வேண்டும். ஆக 19 முதல் 31 வரை என்றுதான் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். அகலம் பாதியாகக் குறைய 800 புள்ளி வேண்டும்.

கேட்டவர்
நன்றி அண்ணா. பெரிதாக்கினாலும் பந்தல் தோப்பு மாதிரியே இருக்கிறதே? தென்னை மட்டைகளுக்கு நடுவே புள்ளி விழுந்தால்?

பதில் 2
நிழலைப் பாருங்க. பந்தல் ஆள் உயரத்துக்குச் சற்று மேலேதான், ஓரத்தில் மெல்லிய கோடாக நிழல் விழும். தென்னைக்கு அடியிலிருந்து தள்ளி நட்சத்திரம் போல விழும். (அந்த நிழலையே மரமென்று எண்ணுபவர்கள் நிறைய.) அப்படியும் சந்தேகமென்றால் பழைய தேதிப் படங்களைப் புரட்டுங்க. கவாத்து முடிந்த பந்தலில் கம்பியும் கல்தூணும் மண்ணும்தான் தெரியும்.

மட்டை இடைவெளிக்கு நானென்றால் கொண்டையின் வெளிவட்டத்துக்குள் விழுந்தது எல்லாமே மரம் என்பேன். எதுவானாலும் முதல் புள்ளிக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்க, நடுவில் மாற்றினால் கணக்கு கெட்டது.

பதில் 3
ஒன்று கவனிக்கவும். இந்திய வன அளவை நிறுவன அறிக்கையின் வனப்பரப்பு எண்ணோடு இதை ஒப்பிடாதீர்கள். அங்கே 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் விதானம் 10 சதவீதம் இருந்தாலே முழு நிலமும் வனப்பரப்பு. மாந்தோப்பும் அதில் சேரும். நீங்கள் அளப்பது விதானத்தை மட்டும்.