நுரையீரல் தழும்பு நோய்: மாத்திரையால் வயிற்றுப்போக்கு, மாடி ஏறினால் ஆக்சிஜன் 84

கேள்வி
அப்பாவுக்கு வயது 67. எட்டு மாதமாக வறட்டு இருமல், நடந்தால் மூச்சிரைப்பு. ஹெச்.ஆர்.சி.டி. (நுணுக்கமான சி.டி.) ஸ்கேனில் இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியிலும் தேன்கூடு போன்ற மாற்றம், ‘யூ.ஐ.பி. பேட்டர்ன்’ (தழும்பு நோயில் தெரியும் ஒரு ஸ்கேன் தோற்றம்) என்று எழுதியிருக்கிறார்கள். எஃப்.வி.சி. (மூச்சை முழுதாக இழுத்து ஊதும் காற்றின் அளவு) இருக்கவேண்டியதில் 68%, டி.எல்.சி.ஓ. (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன்) 45%. தழும்பு பரவுவதை மெதுவாக்கும் நின்டெடானிப் 150 மி.கி. காலை, இரவு. மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் ஐந்தாறு முறை வயிற்றுப்போக்கு. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன், உட்கார்ந்திருந்தால் 95%, ஒரு மாடி ஏறினால் 84. மருந்தை நிறுத்திவிடலாமா? ஸ்டீராய்டு ஏன் தரவில்லை? ஆக்சிஜன் மெஷின் வாங்க வேண்டுமா?

மருந்தாளுநர்
நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் இன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இந்த மருந்து எடுப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு வரும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். வெறும் வயிற்றில் போட்டால் மோசமாகும். சாப்பாட்டோடு சேர்த்து, 12 மணி நேர இடைவெளியில், முழுதாக விழுங்கவேண்டும். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இல்லையென்றால், டாக்டர் ஒப்புதலோடு வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு: முதலில் 4 மி.கி., பிறகு ஒவ்வொரு முறை போனபின் 2 மி.கி. கூடவே ஓ.ஆர்.எஸ். கட்டுப்படாவிட்டால் டாக்டர் நின்டெடானிபைச் சில நாள் நிறுத்தி, 100 மி.கி. இருவேளையாகத் திரும்பத் தொடங்குவது வழக்கம்.

நின்டெடானிப் ஏற்கனவே விழுந்த தழும்பை அழிக்காது. ‘எடுத்தும் குணம் தெரியவில்லை’ என்று பலர் கைவிடுவது இதனால்தான். 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், மருந்தில்லாதவர்களுக்கு எஃப்.வி.சி. ஓராண்டில் சுமார் 240 மி.லி. குறைந்தது, எடுத்தவர்களுக்கு சுமார் 115. அந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு பாடு. முதல் மூன்று மாதம் மாதாமாதம் கல்லீரல் பரிசோதனை தவறக்கூடாது. ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை போடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள்.

நெஞ்சக மருத்துவம்
ஸ்டீராய்டு தராதது சரி. காரணம் தெரியாத வகைத் தழும்பு நோய்க்கு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு, அசத்தியோபிரின், என்-அசிட்டைல்சிஸ்டைன் மூன்றையும் சேர்த்துத் தந்து பார்த்தார்கள். மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூடியதால் பாதியில் நிறுத்தி, 2012இல் முடிவை வெளியிட்டார்கள்.

ஆனால் ‘காரணம் தெரியாதது’ என்று முத்திரை குத்துமுன் தேடிப் பார்த்தார்களா? இந்தியப் பதிவேட்டில், 2017இல் வெளியான கணக்குப்படி, நுரையீரல் திசுவில் அழற்சியோ தழும்போ வரும் நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு இருந்தது ஒவ்வாமை நுரையீரல் அழற்சி. ஏர்கூலர் பூஞ்சை, புறா எச்சம் போன்றவற்றால் வருவது. அது முற்றினால் ஸ்கேனில் யூ.ஐ.பி. போலவே தெரியலாம். அதற்கு வைத்தியமும் வேறு: முதலில் காரணத்தை விலக்கவேண்டும், ஸ்டீராய்டுக்கும் அதில் இடமுண்டு. மூட்டுவாதம் போன்ற நோய்களால் வந்ததா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள் (ஏ.என்.ஏ., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி-சி.சி.பி.) பார்த்தாயிற்றா? நுரையீரலைக் கெடுக்கக்கூடிய அமியோடரோன் (இதயத் துடிப்புக்கு), நைட்ரோஃபுராண்டாயின் (சிறுநீர்த் தொற்றுக்கு) மருந்துகளை நீண்டநாள் எடுத்தாரா? வீட்டில் புறா உண்டா?

மூச்சுப் பயிற்சியாளர்
84ஐ விட்டுவிடக்கூடாது. சூடான விரலில், நகப்பூச்சு இல்லாமல், எண் நிலைத்தபின் பாருங்கள். ஆறு நிமிட நடைப் பரிசோதனை கேளுங்கள். அதில் 88க்குக் கீழே இறங்கினால் நடக்கும்போது மட்டும் ஆக்சிஜன் வேண்டியிருக்கும். எத்தனை லிட்டர் என்பதை நடக்கவிட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். உட்காரவைத்து வைத்த அளவு படியேறும்போது போதாது.

கையில் தூக்கும் மெஷின் வாங்குமுன் ஒன்று கவனியுங்கள்: பல மாடல்கள் மூச்சு இழுக்கும்போது மட்டும் விடும். அதில் ‘2’ என்றால் நிமிடத்துக்கு 2 லிட்டர் அல்ல. அதை மாட்டி நடக்கவைத்து, எண் நிற்கிறதா என்று பார்த்தே காசு கொடுங்கள். ஆக்சிஜன் ஓடும்போது பக்கத்தில் அடுப்பு, விளக்கு, சிகரெட் கூடாது.

மாடி ஏறும்போது நின்று மூச்சை இழுத்து, விட்டுக்கொண்டே இரண்டு படி ஏறச் சொல்லுங்கள். குளிக்க ஸ்டூல் போடுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி போட்டாயிற்றா?

கேள்வி கேட்டவர்
ஃப்ளாட் டக்ட்டில் புறா நிறைய. கூட்டி எடுத்துவிடலாமா?

நெஞ்சக மருத்துவம்
கூட்டவே வேண்டாம், காய்ந்த எச்சம் தூளாகப் பறக்கும். அப்பா வேறு இடத்தில் இருக்கட்டும். வேறு ஆள் என்-95 போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து வழித்தெடுத்து, பிறகு வலை அடிக்கவேண்டும். அப்பா புழங்கும் அறையின் ஜன்னல்விளிம்பு, திரைச்சீலையும் அதில் சேர்த்தி. புறா ஆன்டிபாடி பரிசோதனை நெகட்டிவ் என்றாலும் இந்த நோய் இல்லையென்று சொல்லமுடியாது. ஸ்கேன் சி.டி.யோடு போய்ப் புறா விஷயத்தைச் சொல்லுங்கள். சில நாட்களுக்குள் மூச்சு திடீரென மோசமானால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு.